வைஃபையை அணைத்தால் தீராது: துணைவேந்தருக்கு ஓர் ஆய்வு மாணவியின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

ஆய்வு மாணவர் விடுதிகளில் இனி இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை வைஃபை இருக்காது என்று மெஸ் வாசலில் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறீர்கள். "ஆய்வு மாணவர்களிடையே பெருகிவரும் இணைய அடிமைத்தனம்" என்று காரணமும் போட்டிருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி. போன மாதம் கூகுள் படிவத்தில் எங்களிடம் நிரப்பி வாங்கிய இணையப் பயன்பாட்டு வினாத்தாளின் மதிப்பெண்கள் அவரவர் நெறியாளருக்கு (ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியருக்கு) அனுப்பப்படும், ஆய்வின் முன்னேற்றத்தை மதிப்பிடும் டாக்டரல் கமிட்டியில் அவை கருத்தில் கொள்ளப்படும் என்கிறது அந்த வரி.

இரண்டையும் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். முதலாவது பயன் தராது. இரண்டாவது தீங்கு செய்யும்.

பிரச்சினையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. முதுகலைச் சமூகப்பணிப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ.வில் மருத்துவம், மனநலம் சார்ந்த பிரிவை எடுத்துப் படித்தவள் நான். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் களப்பணி செய்திருக்கிறேன். இப்போது இதே வளாகத்தில் பிஎச்.டி. ஐந்தாம் ஆண்டு. எங்கள் மாடியில் விடியற்காலை நாலு மணிக்கும் கதவிடுக்கில் போன் வெளிச்சம் தெரிகிற அறைகள் எவை என்று எனக்குத் தெரியும். அந்த அறைகளில் இருப்பவர்கள் பகல் பதினொரு மணிக்கு எழுந்து, சாப்பிடாமல் துறைக்கு ஓடி, வந்த கையெழுத்தைப் போட்டுவிட்டு, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் திரும்பி வருவதைப் பார்க்கிறேன். நல்ல மதிப்பெண்ணோடும் ஆசையோடும் உள்ளே வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு உதவி வேண்டும். அதனால்தான் தவறான மருந்து கொடுக்கப்படும்போது சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் அந்த வினாத்தாளைப் பற்றி. கிம்பர்லி யங் என்ற அமெரிக்க உளவியலாளர் 1998இல் வெளியிட்ட இணைய அடிமைத்தனச் சோதனை அது. 20 கேள்விகள், 100 மதிப்பெண். உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் யாரிடம் மேற்கொண்டு உட்கார்ந்து பேச வேண்டும் என்று காட்டுகிற முதற்கட்டக் கருவி மட்டும்தான் அது. ஒருவருக்குக் கோளாறு இருக்கிறதா என்று முடிவுசெய்ய வேண்டியவர், நேரில் பேசிப் பார்க்கிற மனநல மருத்துவரோ உளவியலாளரோதான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேடு இணைய விளையாட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. அதையும் இன்னும் ஆராய வேண்டியவை என்ற பகுதியில்தான் வைத்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு இருக்கிறது, ஆனால் பொதுவாக இணைய அடிமைத்தனம் என்று தனி நோய் கிடையாது. நிபுணர்களே இவ்வளவு நிதானமாக நடக்கிற விஷயத்தில், ஒரு கூகுள் படிவத்தின் கூட்டுத்தொகையை வைத்து ஒருவரை அடிமை என்று எழுதி, அவருடைய நெறியாளர் கையில் கொடுப்பது எந்த வகையில் சரி?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் களத்தில் ஒரு பெண்ணிடம் பத்துக் கேள்வி கேட்பதற்கு முன்னால், அவருடைய பதில் யாரிடம் போகும், எதற்குப் பயன்படும் என்று எழுதிக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் நம் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு என் ஆய்வையே நிறுத்திவிடும். நிறுத்துவதுதான் முறை. எங்களுக்கு வந்த படிவத்தின் மேலே "பதில்கள் ரகசியமாக வைக்கப்படும்" என்று இருந்தது. அதை நம்பித்தான் உண்மையைச் சொன்னோம். அதே பதில்கள் இப்போது எங்கள் பட்டத்தைத் தீர்மானிக்கிற மேசைக்குப் போகின்றன. அடுத்த முறை யார் உண்மையைச் சொல்வார்கள்?

கேள்விகளையே எடுத்துக்கொள்வோம். செய்ய வேண்டிய வேலையைத் தொடங்கும் முன் மின்னஞ்சலைப் பார்ப்பது எவ்வளவு அடிக்கடி என்று ஒரு கேள்வி. நெறியாளரின் ஒரு வரிப் பதிலுக்காகக் காத்திருக்கிற எந்த ஸ்காலரும் 'எப்போதும்' என்றுதான் போடுவார். அதுவும் அடிமைத்தனக் கணக்கில் சேர்ந்துவிட்டது. வாழ்க்கையைப் பற்றிய சங்கடமான எண்ணங்களை, இணையத்தைப் பற்றிய இதமான எண்ணங்களால் மறைத்துக்கொள்வது எவ்வளவு அடிக்கடி என்று இன்னொரு கேள்வி. என் கண்ணில் அந்த 20இல் மிக முக்கியமானது அதுதான். எங்களில் பலர் அதற்கு உச்ச மதிப்பெண் போட்டிருப்போம். நீங்கள் அந்த மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டீர்கள். சங்கடமான எண்ணங்கள் என்னென்ன என்று கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

எங்கள் துறையில் எனக்கு ஒரு தோழி. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு, நெறியாளரின் மேசையில் வைத்தாள். அது ஜூலையில். தீபாவளி போன பிறகும் அந்தப் பிரதி, வேறு யார் யாருடைய இயல்களுக்கோ அடியில், நீல அட்டை மட்டும் ஓரமாகத் தெரிய அங்கேயே கிடந்தது. நேரில் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று பயம். வாட்ஸ்அப்பில் "குட் ஈவ்னிங் சார்" என்று ஆரம்பித்து எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதி அனுப்புவாள். இரண்டு நீலக் குறி விழும். பதில் வராது. அப்புறம் ஒருநாள் எதிர்பாராத நேரத்தில், "ஓகே, ப்ரொசீட்" என்று ஒரு வரி வரும். அந்த இயலைப் படித்தாரா என்றுகூடத் தெரியாது. அந்த ஒரு வரிக்காக அவள் நாளெல்லாம் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள். பதில் இல்லை என்றதும் போனைக் கீழே வைக்க மனம் வருவதில்லை, விரல் ரீல்ஸுக்குப் போய்விடுகிறது.

பரிசு எப்போது வரும் என்று தெரியாமல், எப்போதாவது மட்டும் வந்தால்தான் ஒரு பழக்கம் மிக வலுவாக ஒட்டிக்கொள்கிறது என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டினார். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த புறா, தீனி நின்றதும் சீக்கிரம் விட்டுவிடுகிறது. எப்போதாவது கிடைத்த புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கிறது. ரீல்ஸ் இந்த விதியில்தான் ஓடுகிறது. பத்து வீடியோ சப்பென்று இருக்கும், அடுத்தது வாய்விட்டுச் சிரிக்க வைக்கும். துணைவேந்தர் அவர்களே, எங்கள் ஆராய்ச்சி வாழ்க்கையும் இதே விதியில்தான் ஓடுகிறது. நெறியாளர் எப்போது படிப்பார், ஜர்னலிலிருந்து எப்போது பதில் வரும், ஃபெல்லோஷிப் எந்த மாதம் ஏறும், கமிட்டி எப்போது கூடும், எதற்கும் தேதி கிடையாது. பகல் முழுக்க இப்படிக் காத்துக் காத்துப் பழகிய மனசு, இரவில் போனிடம் சுலபமாக மாட்டிக்கொள்கிறது.

ஆண்கள் விடுதியில் வேதியியல் படிக்கிற ஒருவன். எனக்குத் தம்பி மாதிரி. விடிய விடிய போனில் துப்பாக்கிச் சண்டை விளையாடுகிறான். ஒருநாள் மாலை மெஸ் வெளித் திண்ணையில் அவன் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எங்கெங்கோ இருக்கிற மூன்று பேர், "அண்ணா, லெஃப்ட்ல வராங்க, என்ன பண்ணலாம் சொல்லுங்கண்ணா" என்று அவன் வாயிலிருந்து வரும் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் "செமண்ணா" என்றார்கள். அந்த நிமிஷம் அவன் முகத்தில் இருந்த தெளிவை நான் துறையில் ஒருநாளும் பார்த்ததில்லை.

பகலில் அவன் செய்வது என்ன? நெறியாளரின் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது, கருத்தரங்குக்கு வரும் விருந்தினரை ஸ்டேஷனில் போய்க் கூட்டி வருவது, டீ சொல்வது, எம்.எஸ்சி. மாணவர்களின் இன்டர்னல் பேப்பரைத் திருத்துவது. அவனுடைய ஆய்வுக்கு வேண்டிய கருவி பழுதாகி, சர்வீஸ் ஒப்பந்தக் கோப்பு எந்தப் பிரிவில் நிற்கிறது என்றே தெரியாமல் கிடக்கிறது. தன் வேலையைத் தானே தீர்மானிக்கிற உரிமை, தனக்கு ஒன்று கைவருகிறது என்ற உணர்வு, தன்னை ஏற்றுக்கொள்கிற மனிதர்கள், இந்த மூன்றும் மனிதனின் அடிப்படை உளத் தேவைகள் என்று உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயானும் பல பத்தாண்டுகளாக எழுதி வருகிறார்கள். அந்தப் பையனுக்குப் பகலில் இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. இரவில் அந்தத் திரையில் மூன்றும் கிடைக்கின்றன. அவை அவனைப் பட்டத்துக்குக் கொண்டுபோகாது என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் கிடைக்கிற இடத்துக்குத்தானே மனசு போகும்? அதை அணைத்துவிட்டு, பகலில் அவனுக்கு என்ன கொடுக்கப்போகிறோம் என்பதுதான் சுற்றறிக்கையில் இருந்திருக்க வேண்டிய வரி.

விடுதிக் கூட்டத்தில் வார்டன் கேட்டார், "களைத்துப்போய்த்தானே வருகிறீர்கள், வந்ததும் தூங்க வேண்டியதுதானே?" நியாயமான கேள்விதான். காலையிலிருந்து இரவு எட்டு வரை அடுத்தவர் சொன்னதைச் செய்தவர்களுக்கு, தங்கள் இஷ்டத்துக்கு என்று கிடைக்கிற நேரமே பத்தரை மணிக்கு மேல்தான். தூங்கினால் அதுவும் போய்விடும், கண்ணைத் திறந்தால் மறுபடி துறை வாசல். அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். பகல் தங்கள் கையில் இல்லாதவர்கள் இரவைப் பிடித்து வைத்துக்கொள்கிற இந்தப் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது.

வேலையைத் தள்ளிப்போடுவதும் இப்படித்தான். இதைச் சோம்பல் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தள்ளிப்போடுவதற்கும் நேர நிர்வாகத்துக்கும் இருப்பதைவிட, அதற்கும் அந்த நேரத்து மனநிலைக்கும்தான் நெருக்கமான உறவு என்று உளவியலாளர்கள் ஃபுஷியா சிரோயிஸும் டிமத்தி பிச்சிலும் 2013இல் எழுதினார்கள். ஒரு வேலையை நினைத்தாலே பயமோ அவமானமோ வருகிறது. அந்த உணர்விலிருந்து உடனே தப்பிக்க வேண்டும். தப்பிக்கிற வழி கையிலேயே இருக்கிறது. 'இயல் 4 புதியது இறுதி 3' என்ற கோப்பைத் திறந்ததும் வயிறு கலங்குகிறது என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்கு இது இன்னும் அதிகம். "எனக்கு இந்த இடம் தவறிக் கிடைத்துவிட்டது, ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் எழுதிய பத்தியை கமிட்டியில் எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டி, "இதெல்லாம் ஒரு இங்கிலீஷா?" என்று கேட்கப்பட்ட ஒருவர், அதன் பிறகு அந்தக் கோப்பை எப்படித் திறப்பார்? திறக்கிறார், மூடுகிறார், யூடியூபுக்குப் போகிறார். ஐந்து நிமிஷம் ஆறுதல். அப்புறம் வீணாக்கிய நேரத்தை நினைத்துக் குற்ற உணர்வு. அந்தக் குற்ற உணர்விலிருந்து தப்பிக்க மறுபடியும் யூடியூப். இந்தச் சுற்றில் மாட்டியவருக்கு, நெறியாளர் கையில் இருக்கிற அடிமைத்தன மதிப்பெண் இன்னொரு அவமானம். அவர் இன்னும் ஆழமாகத்தான் ஒளிந்துகொள்வார்.

பணத்தையும் சொல்ல வேண்டும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு வழியாகக் கிடைக்கிற ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வைத்திருப்பவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாத ஆய்வு மாணவருக்கு 8,000 ரூபாயாவது உண்டு. மாநிலப் பல்கலைக்கழகமான இங்கே ஜே.ஆர்.எஃப். இல்லாத ஸ்காலருக்கு அதுவும் கிடையாது, ஆண்டுக் கட்டணம் மட்டும் உண்டு. ஜே.ஆர்.எஃப். இருக்கிறவர்களுக்கும் இணையதளத்தில் பல்கலைக்கழகம் மாதாமாதம் உறுதிசெய்தால்தான் பணம் ஏறும். பிரிவு எழுத்தர் விடுப்பில் போனால் அந்த மாதம் போச்சு. முப்பது வயதில் ஊருக்குப் போன் போட்டு மெஸ் பணம் கேட்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் "எப்பம்மா முடியும்?" என்பார்கள். கூடப் படித்தவர்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசப் படம் போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு வீட்டு அழைப்பை எடுக்காமல் விட்டுவிட்டு, முகம் தெரியாதவர்களோடு இரவெல்லாம் சாட் செய்கிறவர்களை எனக்குத் தெரியும். அங்கே யாரும் எப்ப முடியும் என்று கேட்பதில்லை.

பெண்கள் விடுதியில் இன்னொரு கொடுமை. நூலகம் இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது, எங்கள் கேட் எட்டரைக்கே பூட்டப்படுகிறது. எட்டரைக்கு மேல் நாங்கள் படிப்பது, பேசுவது, சண்டை போடுவது, சிரிப்பது எல்லாமே அந்த வைஃபை வழியாகத்தான். முதலில் நடக்கிற கோர்ஸ் வொர்க் வகுப்புகள் முடிந்த பிறகு ஒன்றாக உட்கார எங்களுக்கு ஒரு வகுப்பும் இல்லை, ஓர் அறையும் இல்லை. மனிதர்களோடு இருக்கிற வழிகளையெல்லாம் அடைத்துவிட்டு, மிச்சம் இருக்கிற ஒரே வழியில் கூட்டம் அதிகமாக இருக்கிறது என்கிறீர்கள்.

இதெல்லாம் ஒரு வளாகத்துப் புலம்பல் என்று நினைத்துவிட வேண்டாம். 2018இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வந்த ஓர் ஆய்வு, 26 நாடுகளில் 2,279 பேரிடம், பெரும்பாலும் பிஎச்.டி. மாணவர்களிடம், கேட்டது. 41 விழுக்காட்டினருக்கு மிதமானது முதல் கடுமையானது வரை பதற்றம், 39 விழுக்காட்டினருக்கு அதே அளவில் மனச்சோர்வு. பொது மக்களோடு ஒப்பிட்டால் ஆறு மடங்குக்கு மேல். அதற்கு முந்தைய ஆண்டு பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 பிஎச்.டி. மாணவர்களிடம் நடந்த ஆய்வு, மூன்றில் ஒருவருக்கு மனநலக் கோளாறு வரும் அபாயம் இருப்பதாகச் சொன்னது. வேலைச் சுமை, வேலையில் தன் கட்டுப்பாடு, குடும்பத்துக்கும் வேலைக்கும் நடுவே இழுபறி, நெறியாளரின் தலைமைப் பாங்கு ஆகியவை அந்த அபாயத்தோடு தொடர்புபட்டிருந்தன. மிகையான இணையப் பயன்பாடு பல நேரங்களில் நிஜ வாழ்க்கைப் பிரச்சினையைச் சமாளிக்கிற முயற்சி, அந்தப் பிரச்சினையைப் பார்க்காமல் பயன்பாட்டை மட்டும் பார்க்கக் கூடாது என்று ஆய்வாளர் டேனியல் கார்டஃபெல்ட்-விந்தர் 2014இல் வாதிட்டார். நான் இங்கே கண்ணால் பார்ப்பதும் அதுதான். சிலருக்கு உள்ளே மனச்சோர்வோ, பதற்றக் கோளாறோ, சின்ன வயதிலிருந்தே கவனிக்கப்படாத கவனக்குறைவுக் கோளாறோ இருக்கலாம். அவர்களுக்கு வேண்டியது சிகிச்சை. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் 2014 முதல் தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு நடக்கிறது, வழி தெரியாத விஷயமல்ல இது.

வைஃபையை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். எங்கள் போன்களில் தினசரி டேட்டா பேக் இருக்கிறது. நள்ளிரவு 12 மணிக்கு அது புதுப்பிக்கப்படும். நீங்கள் 11க்கு அணைத்தால் ஒரு மணி நேரத்தில் புதிதாக 2 ஜிபி வந்துவிடும். ரீல்ஸும் விளையாட்டும் அதில் தாராளமாக ஓடும். ஓடாமல் போவது எது? 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் நமக்குக் கிடைக்கிற ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களை விடுதியில் நாங்கள் படிப்பது வளாக இணைப்பின் மூலம்தான். அது நின்றுவிடும். இரவில் எழுதுகிற ஸ்காலருக்குத்தான் இந்தத் தண்டனை, இரவில் ஒளிகிற ஸ்காலருக்கு ஒன்றும் ஆகாது.

தென் கொரியா இதைச் செய்து பார்த்த நாடு. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 வரை இணைய விளையாட்டு ஆடக் கூடாது என்று 2011இல் சட்டம் போட்டார்கள். பிள்ளைகள் பெற்றோரின் எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். 2021இல் அரசே அந்தச் சட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. அங்கே அது சிறுவர்களுக்கு. நாங்கள் வாக்களிக்கிற, குடும்பம் நடத்துகிற, இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிற பெரியவர்கள். நம் பக்கத்து மாநிலத்திலும் ஒரு வழக்கு நடந்தது. விடுதியில் குறிப்பிட்ட நேரத்தில் போன் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை ஏற்காததால் வெளியேற்றப்பட்ட கல்லூரி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது என்று உங்கள் சட்ட ஆலோசகர் சொல்லக்கூடும். சொல்லட்டும், அதன் நியாயம் இங்கேயும் நியாயம்தான்.

நம்மிடம் ஆலோசனை மையம் இருக்கிறது என்று சுற்றறிக்கை முடிகிறது. இருப்பது ஒரு பெயர்ப்பலகையும், கூடுதல் பொறுப்பாக அதைப் பார்க்கிற ஒரு பேராசிரியரும். அவர் நல்லவர். ஆனால் எங்கள் நெறியாளர்களோடு ஒரே மேசையில் மதியம் சாப்பிடுகிறவர். அவரிடம் போய், "என் நெறியாளரை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை" என்று யார் சொல்வார்கள்? 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியும் பயிற்சியும் பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதைக் கூடுதல் பொறுப்பால் நிறைவேற்ற முடியாது.

இந்த மடலில் என் பெயர் இல்லை. என் சினாப்சிஸ் (ஆய்வேட்டுச் சுருக்கம்) இன்னும் ஒப்பமாகவில்லை. இதை எழுதியது யார் என்று தெரிந்தால் அந்தக் கையெழுத்து என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் பெயர் போட முடியாது. நான் மேலே சொன்ன பயம் கற்பனை அல்ல என்பதற்கு இதையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

கேட்பவை இவை.

வினாத்தாள் மதிப்பெண்களை நெறியாளர்களுக்கு அனுப்பும் முடிவை உடனே ரத்து செய்ய வேண்டும். பெயரோடு இருக்கிற பதில்களை அழித்துவிட்டு, அழித்ததை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஏற்கெனவே எந்தத் துறைக்காவது அனுப்பியிருந்தால் எந்தத் துறைக்கு என்று சொல்ல வேண்டும். இது ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாத விஷயம்.

இரவு வைஃபையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். போனைக் கட்டுப்படுத்த உதவி வேண்டும் என்று தானாக முன்வருகிறவருக்கு, அவர் கேட்கிற உதவியைக் கொடுக்கலாம்.

முழுநேரச் சிகிச்சை உளவியலாளர் ஒருவரையோ மனநலச் சமூகப் பணியாளர் ஒருவரையோ நியமியுங்கள். அவர் எந்தத் துறையையும் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. நிர்வாகக் கட்டடத்தில் இல்லாமல் சுகாதார மையத்தில் மாலை நேரத்தில் அவர் இருக்க வேண்டும். யார் வந்தார்கள் என்ற விவரம் துறைக்குப் போகக் கூடாது. மருந்து தேவைப்படுகிறவர்களுக்காகப் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையோடு ஓர் ஏற்பாடு வேண்டும். அதுவரைக்கும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐயாவது ஒவ்வொரு மாடியிலும் எழுதிப் போடுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, இயல் படிப்பதற்கு ஒரு கெடு. மாணவர் கொடுத்த இயலுக்கு 30 நாளுக்குள் எழுத்தில் கருத்து தர வேண்டும் என்று விதி கொண்டுவாருங்கள். கொடுத்த தேதியும் திரும்ப வந்த தேதியும் துறை அலுவலகத்தில் பதிவாகட்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் மாணவர் முன்னேற்றத்தை வைக்க வேண்டும். அந்தக் கூட்டம் தவறாமல் நடக்கட்டும். அதில் பத்து நிமிஷம் நெறியாளர் வெளியே இருக்க, மாணவர் தனியாகப் பேச இடம் கொடுங்கள். நெறியாளரின் வீட்டு வேலையை ஸ்காலர் செய்யக் கூடாது என்று உங்கள் கையெழுத்தோடு ஓர் உத்தரவு வேண்டும். நெறியாளரை மாற்றிக்கொள்ள, அவருடைய தடையில்லாச் சான்று இல்லாமலே ஒரு வழி வேண்டும்.

ஃபெல்லோஷிப் உறுதிசெய்யும் வேலை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் முடிய, பொறுப்பானவரையும் அவருக்கு மாற்று ஆளையும் நியமியுங்கள். எந்த உதவித்தொகையும் இல்லாத ஆய்வு மாணவர்களுக்குப் பல்கலைக்கழக நிதியிலிருந்து ஒரு மாதத் தொகையை அடுத்த நிதிநிலை அறிக்கையில் வையுங்கள்.

பெண்கள் விடுதி கேட்டை நூலகம் மூடி அரை மணி நேரம் கழித்துப் பூட்டச் சொல்லுங்கள். நூலகத்தின் கீழ்த்தள வாசிப்பறையை, எல்லாத் துறை ஸ்காலர்களும் ஒன்றாக உட்கார்ந்து எழுதுகிற இடமாக இரவில் திறந்து வைக்கலாம். செலவு அதிகம் ஆகாது.

இவற்றைப் பரிசீலிக்கிற குழுவில், ஆய்வு மாணவர்களே தேர்ந்தெடுத்த இரண்டு பேர், அவர்களில் ஒருவர் பெண், இடம்பெற வேண்டும். சுற்றறிக்கையை நிறுத்திவைக்கும் உத்தரவு இந்த வாரத்திலேயே வர வேண்டும். மற்றவற்றுக்கு, எது முடியும், எது முடியாது, முடியாதென்றால் ஏன் என்று அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.

இப்படிக்கு,
சமூகப்பணித் துறை ஆய்வு மாணவி